குறுவீட்டுக்கு நிலம் எங்கே?

1999-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜே ஷேஃபர் என்னும் ஓவிய ஆசிரியர் தனக்கென ஒரு வீடு கட்டினார். மொத்தப் பரப்பு நூறு சதுர அடிக்கும் குறைவு. அடுப்படி, கழிப்பறை, உட்கார ஓரிடம், படுக்க ஒரு பரண் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. ஆனால் ஒருவர் குடியிருக்கும் வீடு அவ்வளவு சிறியதாக இருக்க அங்குள்ள விதிகள் இடம் தரவில்லை. ஷேஃபர் வீட்டை ஒரு டிரெய்லரின்மேல் கட்டினார். சக்கரம் வந்ததும் சட்டத்தின் பார்வையில் அது வண்டியாகிவிட்டது. வீட்டுக்கான விதி வண்டியைத் தொட முடியவில்லை.

‘டைனி ஹவுஸ்’ என்று இன்று உலகம் அறிந்திருக்கும் இயக்கத்தின் தொடக்கப் புள்ளிகளில் இது ஒன்று. 400 சதுர அடிக்கு மிகாத இத்தகைய வீடுகளை இக்கட்டுரை குறுவீடு என்று குறிக்கிறது. 2008-இன் வீட்டுக்கடன் நெருக்கடிக்குப் பிறகு இதன்மேல் ஆர்வம் பெருகியது. அதற்குப் பின்னால் நீண்டகால மாற்றம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் புதிதாகக் கட்டப்பட்ட தனிவீடுகளின் இடைநிலைப் பரப்பு 1973-இல் 1,525 சதுர அடி. 2015-இல் 2,467 சதுர அடி. அதே காலத்தில் ஒரு குடும்பத்தின் சராசரி ஆள் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டரைக்கு இறங்கியது. தனியாக ஒருவரே வாழும் இல்லங்கள் 1960-இல் நூற்றுக்குப் பதின்மூன்று. 2020-இல் ஏறத்தாழ இருபத்தெட்டு. ஆள் குறையக் குறைய வீடு பெருத்துக்கொண்டே போயிருக்கிறது. சிறிய வீடு தேடுவோருக்குச் சந்தையிலும் வீடு இல்லை, கட்டிக்கொள்ளலாம் என்றால் சட்டமும் விடவில்லை.

ஷேஃபர் சக்கரம் பூட்டிய நாளிலிருந்து இன்றுவரை விதிகள் மாறாமல் இல்லை. வீட்டை எப்படிக் கட்டுவது என்பது பற்றிய விதி வெகுவாகத் திருந்தியிருக்கிறது. அதை எங்கே வைப்பது என்பது பற்றிய விதி பெரும்பாலான ஊர்களில் இன்னும் திருந்தவில்லை. முதல் விதிக்குப் பின்னால் உயிர்ப் பாதுகாப்பு என்ற உண்மையான காரணம் இருந்தது; அதனால் அதைப் பேசித் தீர்க்க முடிந்தது. இரண்டாவது விதியின் அடியில் கிடப்பது, பக்கத்து மனையில் யார் குடிவரலாம் என்ற கேள்வி. குறுவீட்டின் உண்மையான தடை அங்கேதான் இருக்கிறது.

இரண்டு விதிகள், இரண்டு கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு வீடு சட்டப்படி நிற்க இரண்டு தனித்தனி அனுமதிகள் வேண்டும். கட்டட விதி, வீட்டின் உள்ளே பார்க்கிறது. கூரையின் உயரம், படியின் அகலம், தீப்பிடித்தால் வெளியேறும் சன்னல், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் ஆகியவை அதன் அக்கறைகள். மண்டல விதி, வீட்டின் வெளியே நின்று பார்க்கிறது. இந்தத் தெருவில் குடியிருப்பு வரலாமா, ஒரு மனையில் எத்தனை வீடு, மனை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், நான்கு பக்கமும் எவ்வளவு செட்பேக், அதாவது காலியிடம், விட வேண்டும், எத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும், வீட்டின் பரப்பு எவ்வளவுக்குக் குறையக் கூடாது என்பன அதன் கேள்விகள்.

கட்டட விதிக்கு நாடு தழுவிய மாதிரி உண்டு. சர்வதேச விதித்தொகுப்பு மன்றம் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை குடியிருப்புகளுக்கான மாதிரி விதித்தொகுப்பை வெளியிடுகிறது. மாநிலங்களும் நகராட்சிகளும் அதை ஏற்றுத் தங்கள் சட்டமாக்கிக்கொள்கின்றன. மண்டல விதிக்கு அப்படி ஒரு பொது மூலம் கிடையாது. ஒவ்வொரு ஊரும், சில இடங்களில் ஒவ்வொரு மாவட்டமும், தனக்கென எழுதிக்கொள்வது அது. எனவே கட்டட விதியில் ஓரிடத்தில் நடக்கும் திருத்தம் நாடு முழுதும் பரவ வழியுண்டு. மண்டல விதியை ஊர் ஊராகப் போய்த்தான் திருத்த வேண்டும்.

குறைந்தபட்சப் பரப்பு எங்கிருந்து வந்தது

நெரிசலான குடியிருப்புகளில் காசநோயும் தீவிபத்தும் மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில்தான் அமெரிக்க வீட்டு விதிகள் உருவாகின. நியூயார்க்கின் 1901-ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் சன்னலற்ற இருட்டறைகளுக்கு முடிவுகட்ட வந்தது. நியாயமான சட்டம். அதே நகரம் 1916-இல் கட்டடங்களின் உயரத்தையும் பயன்பாட்டையும் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துக் கட்டுப்படுத்தியது. மண்டலப் பிரிப்பு செல்லுமா என்ற கேள்வி 1926-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரையொட்டிய யூக்ளிட் என்ற கிராமத்துக்கும், ஆம்ப்ளர் என்ற மனை நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு அது. கிராமம் வென்றது. அந்தத் தீர்ப்பு அடுக்குமாடிக் குடியிருப்பைத் தனிவீட்டுப் பகுதியின் ஒட்டுண்ணியாகப் பார்த்தது. தொழிற்சாலைப் புகையிலிருந்து வீட்டைக் காக்கப் புறப்பட்ட விதி, சொந்த வீட்டுக்காரரை வாடகைக்காரரிடமிருந்து காக்கும் விதியாக மாறியது இப்படித்தான்.

இனத்தின் பெயரால் மண்டலம் பிரிப்பதை 1917-இலேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. வருமானத்தின் பெயரால் பிரிப்பதற்கு நேரடியான தடை ஏதும் இல்லை. வருமானம் என்ற சொல்லே எழுத வேண்டாம்; பெரிய மனை, பெரிய வீடு என்று எழுதினால் போதும். வேலை தானே நடந்துவிடும்.

இதற்குச் சான்றாக நிற்பது நியூஜெர்சியின் வேய்ன் நகரியம். ஒரு மாடி வீடு 768 சதுர அடிக்குக் குறையக் கூடாது என்று அவ்வூர் விதி செய்தது. சிறிய வீடுகள் கட்டி விற்க வந்த ஒரு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1952-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. மக்களின் நலவாழ்வும் ஊரின் தோற்றமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அடுத்த ஆண்டு சட்ட அறிஞர் சார்லஸ் ஹார், ஹார்வர்டு சட்ட இதழில் அந்தத் தீர்ப்பை விரிவாக விமர்சித்தார். நெரிசல்தான் கவலை என்றால் ஓர் ஆளுக்கு இத்தனை சதுர அடி என்று விதி இருக்க வேண்டும். ஒருவர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் 768 என்று விதித்தால் அதில் சுகாதாரம் எங்கே வருகிறது?

அந்தக் கேள்விக்கு நீதிமன்றத்தின் விடை வர இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. 1979-இல் பெர்லின் நகரியம் தொடர்பான வழக்கில் அதே நியூஜெர்சி உச்ச நீதிமன்றம், குடியிருப்போர் எண்ணிக்கையோடு தொடர்பில்லாத குறைந்தபட்சப் பரப்பு விதி செல்லாது என்ற நிலைக்கு வந்தது. ஆனால் அது ஒரு மாநிலத்தின் தீர்ப்பு. மற்ற இடங்களில் பழைய விதி தொடர்ந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் கால்ஹூன் நகரில் ஒரு தொண்டு நிறுவனம் 540 முதல் 600 சதுர அடியில் வீடுகள் கட்ட முனைந்தபோது, குறைந்தது 1,150 சதுர அடி வேண்டும் என்ற நகர விதி குறுக்கே நின்றது. 2021-இல் அது நீதிமன்றத்துக்குப் போனது. 1,150 சதுர அடி என்றால் சென்னையில் நல்ல வசதியான இரண்டு படுக்கையறை ஃபிளாட். இந்த வழக்கில் பேசப்பட்ட வீடுகள் குறுவீட்டின் வரம்பைவிடப் பெரியவை. அவற்றுக்கே இந்த நிலை என்றால் 400 சதுர அடிக்கு என்ன கதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பரப்பு விதி இல்லாத ஊரிலும் மனை விதி அதே வேலையைச் செய்கிறது. 300 சதுர அடி வீட்டுக்கு 10,000 சதுர அடி மனை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வீட்டில் மிச்சம் பிடித்ததை மனை விழுங்கிவிடும். அமெரிக்காவின் பல பெருநகரங்களில் குடியிருப்பு நிலத்தின் முக்கால் பங்கு, ஒரு மனைக்கு ஒரு தனிவீடு என்ற விதிக்குள் பூட்டிக் கிடப்பதை 2019-இல் நியூயார்க் டைம்ஸ் வரைபடங்களோடு காட்டியது. இதற்கு மாறான உதாரணம் ஹூஸ்டன். மண்டல விதியே இல்லாத அந்நகரில்கூட 5,000 சதுர அடி என்ற குறைந்தபட்ச மனை அளவு இருந்தது. 1998-இல் நகரின் உட்பகுதியில் அதை 1,400 சதுர அடிவரை இறக்கினார்கள்; பழைய மனைகளில் நெருக்கமான வீடுகள் வேகமாக எழுந்தன. 2013-இல் அந்தச் சலுகை நகரின் பிற பகுதிகளுக்கும் நீண்டது.

சக்கரம் தந்த விடுதலையும் வைத்த பொறியும்

மண்டல விதியிலிருந்து தப்ப ஷேஃபர் கண்ட வழி ஆயிரக்கணக்கானோரின் வழியாயிற்று. அந்த வழியின் மறுமுனையில் வேறொரு சட்டம் காத்திருந்தது.

தொழிற்சாலையில் கட்டி, நிலையான அடிச்சட்டத்தோடு வண்டியில் கொண்டுவரப்படும் வீடுகளுக்கு 1974-இல் தனிச் சட்டம் வந்தது. 1976 ஜூன் முதல் மத்திய வீட்டுவசதித் துறையின் தரவிதி அவற்றுக்குப் பொருந்துகிறது. நிறுவிய பிறகு 320 சதுர அடியோ அதற்கு மேலோ இருந்தால் அதன் வரம்புக்குள் வரும். பயணத்துக்கும் முகாமுக்கும் பயன்படும் பொழுதுபோக்கு வாகனங்களுக்கு, 400 சதுர அடிவரை, விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கே, இது நிரந்தரக் குடியிருப்புக்கானது அல்ல என்ற அடிப்படையில்தான் கிடைக்கிறது.

சக்கரத்தின்மேல் நிற்கும் குறுவீடு மாட்டிக்கொள்வது இங்கேதான். வீடு என்று சொன்னால் கட்டட விதிப்படி அஸ்திவாரம் கேட்பார்கள். தொழிற்சாலை வீடு என்று சொன்னால் மத்தியத் துறையின் முத்திரை கேட்பார்கள். தானே கட்டிக்கொண்டவரிடம் அது இருக்காது. வாகனம் என்று சொன்னால் சாலையில் பிரச்சினை இல்லை, ஆனால் அதில் ஆண்டு முழுதும் குடியிருக்கக் கூடாது என்று மண்டல விதி சொல்லும். 2018-இல் மத்தியத் துறை வாகன விலக்கைத் திருத்தி எழுதியபோது, வண்டி எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பது மட்டுமே தன் வேலை, அதில் யார் எங்கே வாழ்கிறார்கள் என்பது உள்ளூரின் வேலை என்று தெளிவாக்கியது. பந்து மறுபடியும் நகராட்சியிடம் வந்து விழுந்தது.

வங்கியும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. நிலத்தோடு சேராத சொத்துக்கு வழக்கமான வீட்டுக்கடன் கிடைப்பதில்லை. வாகனக் கடனோ தனிநபர் கடனோதான் கிடைக்கும். வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு. காப்பீட்டுக்கும் அதே சிக்கல். ஆக, உறவினர் வீட்டுக் கொல்லையிலோ நண்பரின் பண்ணையிலோ வண்டியை நிறுத்தி, யாரும் புகார் எழுதாதவரை வாழ்வது என்பதே பலருடைய ஏற்பாடு. அமெரிக்க நகராட்சிகளில் மண்டல விதியின் அமலாக்கம் பெரும்பாலும் புகாரின்மேல்தான் நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு மனம் மாறினால் ஒரு நோட்டீஸில் குடியிருப்பு போய்விடும். இப்படி வாழ்பவருக்கு வாடகைதாரருக்குரிய பாதுகாப்பும் உறுதியில்லை, வீட்டுக்காரருக்குரிய உரிமையும் இல்லை.

பின்னிணைப்பு ‘கியூ’

கட்டட விதியின் கதை இதைவிட நம்பிக்கை தருவது. அதன் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறையாவது 120 சதுர அடி இருக்க வேண்டும் என்ற பழைய விதியை நீக்கியது. வாழும் அறைக்கு 70 சதுர அடி போதும் என்றாயிற்று. பரப்புச் சிக்கல் அத்தோடு ஏறக்குறைய தீர்ந்தது. மிஞ்சியது உயரமும் படியும்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இதன் நெருக்கடி விளங்கும். சாலையில் சிறப்பு அனுமதியின்றிச் செல்லும் வண்டியின் அகலம் எட்டரை அடி. உயரம் பல மாநிலங்களில் பதின்மூன்றரை அடி. டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டடி போக, கூரையின் கனத்துக்கு அரையடி போக, உள்ளே மிஞ்சுவது பதினோரு அடி. வழக்கமான விதிப்படி வாழும் இடத்துக்கு ஏழடி உயரம் வேண்டும். அதைக் கீழே கொடுத்தால், பரணின் பலகைக் கனமும் போக, மேலே மூன்றரை அடிதான் மிச்சம். அங்கே படுக்கலாம், உட்காரலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. விதிப்படி அது அறையாகாது. அறையாகாத இடத்தில் உறங்க அனுமதி இல்லை. பரணுக்கு ஏறும் படி 36 அங்குல அகலம் இருக்க வேண்டும். எட்டரை அடி அகல வீட்டில் மூன்றடியைப் படிக்கட்டுக்குக் கொடுத்துவிட்டால் சமையல் செய்ய இடம் தேட வேண்டியதுதான்.

2016-இல் குறுவீடு கட்டுவோரும் கட்டட விதி வல்லுநர்களும் சேர்ந்து ஒரு திருத்தத்தை முன்வைத்தார்கள். அது 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘கியூ’ என்ற எழுத்திட்ட பின்னிணைப்பாக வந்தது. பரண் நீங்கலாக 400 சதுர அடிக்கு மிகாதது குறுவீடு என்று முதன்முறையாக அது வரையறுத்தது. வாழும் இடத்தின் கூரை 6 அடி 8 அங்குலம், அடுப்படிக்கும் குளியலறைக்கும் 6 அடி 4 அங்குலம் இருந்தால் போதும் என்றது. பரணைப் படுக்கும் இடமாக ஏற்றது; குறைந்தது 35 சதுர அடி, எந்தப் பக்கமும் ஐந்தடிக்குக் குறையாமல். படி கைப்பிடிக்கு மேலே 17 அங்குலம், கீழே 20 அங்குலம் இருக்கலாம். வரையறுத்த சாய்வில் ஏணியும் வைக்கலாம்.

இவ்வளவு விட்டுக்கொடுத்த அதே பின்னிணைப்பு ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கவே இல்லை. பரணில் உறங்குபவர் தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும். சின்ன வீட்டில் புகை நிமிடங்களில் நிறையும், அதுவும் மேலே பரணில்தான் முதலில் சேரும், ஏணியோ கீழே தீயின் பக்கத்தில் இருக்கும். ஆகவே பரணிலேயே வெளியேறும் சன்னல் வேண்டும். கூரையில் திறக்கும் சன்னலாக இருந்தால் அதன் கீழ்விளிம்பு பரணின் தளத்திலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எதைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தக் கூடாது என்பதைக் காரணத்தோடு பிரித்துப் பார்த்த விதி இது. நல்ல விதிமுறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இதன் வரம்புகளும் உண்டு. பின்னிணைப்பு தானாக அமலுக்கு வராது. மாநிலமோ நகரமோ தனியாக ஏற்க வேண்டும். சக்கரத்தின்மேல் நிற்கும் வீட்டைப் பற்றி அது பேசுவதில்லை. அஸ்திவாரத்தில் நிற்பதையே கருதுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதை முழுமையாக ஏற்ற ஓர் ஊரில்கூட மண்டல விதி ‘குறைந்தபட்சம் ஆயிரம் சதுர அடி’ என்று சொன்னால் பின்னிணைப்பால் ஒன்றும் செய்ய முடியாது.

நிலத்தைத் திறந்தவர்கள்

மண்டல விதியில் கைவைத்த ஊர்கள் வெவ்வேறு காரணங்களுக்காக அதைச் செய்தன. டெக்சஸின் மேற்கே ஸ்பர் என்ற சிற்றூர் மக்கள் வெளியேறி மெலிந்துகொண்டிருந்தது. காலி மனைகளுக்கு ஆள் வந்தால் போதும் என்ற நிலையில், 2014-இல் குறுவீடுகளை வரவேற்கும் முதல் ஊர் என்று தன்னை அறிவித்துக்கொண்டது. ஆனால் அங்கும் அஸ்திவாரமும் கழிவுநீர் இணைப்பும் கேட்டார்கள். ஊர் விரும்பியது நிலையான குடிகளை.

கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ 2016 தொடக்கத்தில் சக்கர வீட்டையே ஏற்றது. ஏற்கெனவே வீடு இருக்கும் மனையின் கொல்லையில் இரண்டாவது குடியிருப்பாக அதை நிரந்தரமாக வைக்கலாம் என்றது. லாஸ் ஏஞ்சலிஸ் 2019-இல் 150 முதல் 430 சதுர அடிவரையிலான நகரும் வீடுகளை இதே முறையில் அனுமதித்தது; நிறுத்திய பிறகு சக்கரங்கள் வெளியே தெரியாதபடி மறைக்க வேண்டும் என்றும் சேர்த்தது. ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து வேறு பாதையில் வந்தது. வாடகை ஏறி மக்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த 2017-இல், தனியார் மனையில் நிற்கும் சக்கர வீடுகளில் வாழ்வோர்மேல் நடவடிக்கை எடுப்பதில்லை என்று நகரம் முடிவுசெய்தது. புகார் வந்ததும் காலி செய்யச் சொல்லும் வழக்கம் நின்றது. 2021-இல் அந்தச் சலுகை சட்டமாயிற்று. ஒரு மனைக்கு ஒன்று.

ஊர் ஊராகச் செல்லும் இந்தப் பயணத்தின் வேகம் போதாது என்று உணர்ந்த இடத்தில் மாநிலமே முன்வந்தது. கலிபோர்னியா 2017 முதல் அடுத்தடுத்த சட்டங்களால் கொல்லை வீடுகளை மறுக்கும் அதிகாரத்தை நகராட்சிகளிடமிருந்து படிப்படியாகக் குறைத்தது. 2020 முதல், 800 சதுர அடிவரை, 16 அடி உயரத்துக்குள், பக்கத்திலும் பின்னாலும் நான்கடி செட்பேக் விட்டுக் கட்டினால் எந்த நகரமும் தடுக்க முடியாது. விண்ணப்பத்தை 60 நாளில் முடிக்க வேண்டும். 750 சதுர அடிக்குக் குறைந்தால் வளர்ச்சிக் கட்டணம் இல்லை. வீடு சிறிதோ பெரிதோ ஒரே தொகை என்று பல ஊர்களில் வசூலான கட்டணம், சிறிய வீட்டின் கட்டுமானச் செலவில் பெரும் பங்காக இருந்தது என்பதால் கடைசி விலக்கு முக்கியமானது. பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 2016-இல் மாநிலம் முழுதும் ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த கொல்லை வீட்டு அனுமதிகள் 2022-இல் இருபதாயிரத்துக்கு மேல் போயின. இவை எல்லாம் குறுவீடுகள் அல்ல. ஆனால் படியின் அகலத்தைக் குறைத்ததால் இந்த மாற்றம் வரவில்லை, நிலத்தைத் திறந்ததால் வந்தது என்பது கவனிக்க வேண்டியது.

விதி இல்லாத இடத்தில் எழுந்த ஊர்

வீடற்றோருக்காகக் கட்டப்பட்ட குறுவீட்டுக் குடியிருப்புகள் மண்டல விதியின் குணத்தை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகின்றன. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரில் 2007-இல் வீடற்றோர் கூடாரம் அடித்தார்கள். தேவாலயங்கள் தங்கள் நிலத்தில் இடம் கொடுத்தன. ஓரிடத்தில் தொடர்ந்து தங்க விதி அனுமதிக்காததால் கூடாரத்தைப் பிடுங்கி அடுத்த தேவாலயத்துக்குப் போவதே ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2013 டிசம்பரில்தான் மாவட்ட நிர்வாகம் ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகைக்குத் தந்த இரண்டு ஏக்கரில் ‘கிஹோட்டே கிராமம்’ எழுந்தது. 144 சதுர அடி அளவில் முப்பது வீடுகள். ஒவ்வொன்றிலும் கழிப்பறை உண்டு; சமையலறையும் குளியலறையும் பொது. கிடைத்த நிலம் தொழிற்பேட்டைப் பகுதியில். குடியிருப்புப் பகுதியில் அதற்கு இடம் இல்லை.

டெக்சஸின் ஆஸ்டின் நகரையொட்டிய ‘கம்யூனிட்டி ஃபர்ஸ்ட்’ கிராமம் இதைவிடப் பெரியது. நகருக்குள் நிலம் தேடியபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். அமைப்பாளர்கள் நகர எல்லைக்கு வெளியே 27 ஏக்கர் வாங்கினார்கள். டெக்சஸில் மாவட்ட நிர்வாகங்களுக்குப் பொதுவான மண்டல அதிகாரம் கிடையாது. எனவே அங்கே தடுக்க யாரும் இல்லை. 2015-இல் மக்கள் குடிவரத் தொடங்கினார்கள். நாட்டின் மிகவும் பேசப்படும் குறுவீட்டுக் குடியிருப்புகளில் ஒன்று, மண்டல விதி முடியும் கோட்டுக்கு அப்பால் நிற்கிறது.

டெட்ராய்ட்டில் நிலைமை வேறு. காலி மனைகள் நிறைந்த நகரம் அது. 2016 முதல் காஸ் என்ற சமூகசேவை அமைப்பு 250 முதல் 400 சதுர அடிவரையிலான வீடுகளை அஸ்திவாரத்தோடு கட்டியது. சதுர அடிக்கு மாதம் ஒரு டாலர் வாடகை. ஏழு ஆண்டு வாடகை கட்டினால் வீடு அவர்களுக்கே. ஏழைக்கு வீடு சொந்தமாவதை இங்கே சாத்தியமாக்கியது அஸ்திவாரமும் தனி மனையும். சக்கரத்தின்மேல் நின்றிருந்தால் இந்த உரிமை கிடைத்திருக்காது.

எதிர்வாதங்கள்

மண்டல விதியை ஆதரிப்போர் சொல்வதெல்லாம் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் பள்ளிக்கூடமும் ஊராட்சிச் சேவையும் பெரிதும் சொத்துவரியில் நடக்கின்றன. சொத்துவரி வீட்டின் மதிப்பைப் பொறுத்தது. மதிப்புக் குறைந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் வரவைவிடச் செலவு அதிகம் என்று ஊர் கணக்குப் போடுகிறது. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அது பள்ளிக்கு நிதி திரட்டும் முறையில் உள்ள கோளாறு. அதற்குத் தண்டனை சிறிய வீட்டுக்கு என்பது நியாயமில்லை.

குறுவீடு என்ற பெயரில் தரக்குறைவான குடிசைகள் வரும், சூறைக்காற்றில் வண்டி வீடு புரளும், கழிவுநீர் மண்ணில் கலக்கும் என்பவை அடுத்த கவலைகள். இவை உண்மையான கவலைகள். இவற்றுக்கு விடையும் உண்டு. தரையோடு பிணைக்கும் நங்கூரம், கழிவுநீர் இணைப்பு, மின் பரிசோதனை என்று கேட்டால் போதும். சொல்லப்போனால், வீட்டைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிய ஊரில்தான் எந்தப் பரிசோதகரும் அதற்குள் நுழைவதில்லை. தடை, பாதுகாப்பைக் குறைக்கிறது.

மூன்றாவது கவலை, குறுவீட்டை விரும்புவோர் பக்கத்திலிருந்தே வர வேண்டியது. பரணுக்கு ஏணி ஏறுவது முப்பது வயதில் எளிது, எழுபதில் ஆபத்து. 144 சதுர அடியை அரசுகள் ஏழைகளுக்கான இறுதி விடையாக்கிவிட்டால், நல்ல வீடு தரும் பொறுப்பிலிருந்து அவை நழுவ வழி கிடைத்துவிடும். விரும்பித் தேர்ந்தால் எளிமையாக இருப்பது, வேறு வழியின்றி ஏற்றால் நெரிசல். 1901-இல் நியூயார்க் ஒழிக்க முயன்ற இருட்டறைகளை எளிமை என்ற பெயரில் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. ஆளுக்கு இவ்வளவு இடம், வெளிச்சம், காற்று, வெளியேறும் வழி என்ற விதிகள் இருந்தே தீர வேண்டும்.

செய்ய வேண்டியவை

இந்த இருபத்தைந்து ஆண்டு அனுபவம் மூன்று முடிவுகளைத் தருகிறது. ஒன்று, வீட்டுக்கு மொத்தமாகக் குறைந்தபட்சப் பரப்பு விதிப்பதைக் கைவிட்டு, குடியிருப்போர் எண்ணிக்கையோடு பரப்பை இணைக்க வேண்டும். ஹார் 1953-இல் கேட்டதும் நியூஜெர்சி 1979-இல் ஏற்றதும் இதுதான். இரண்டு, சக்கர வீட்டுக்கு வாகனம் என்ற முகமூடி தேவைப்படாத தனி வகை வேண்டும். கட்டுமானத் தரமும் தரைப்பிணைப்பும் பரிசோதிக்கப்பட்டால் வீடு என்ற தகுதி அதற்குக் கிடைக்க வேண்டும். கொலராடோ 2022-இல் குறுவீடுகளின் கட்டுமானத்தையும் நிறுவலையும் மாநில வீட்டுவசதிப் பிரிவின் கண்காணிப்பில் கொண்டுவந்தது இந்தத் திசையில் ஓர் அடி. மூன்று, மனை அளவும் ‘ஒரு மனைக்கு ஒரு வீடு’ என்ற வரம்பும் தளர வேண்டும். இதை ஊர்கள் தாமாகச் செய்வது அரிது. கலிபோர்னியாபோல் மாநிலம் தலையிட வேண்டியிருக்கும். ஏனென்றால் ஊராட்சிக் கூட்டத்தில் ஏற்கெனவே குடியிருப்பவருக்கு வாக்கு உண்டு, இனி வர விரும்புபவருக்கு இல்லை.

மூன்றாவது நடக்காமல் முதல் இரண்டால் பெரிய பயன் இல்லை. கட்டட விதி திருந்தியதால் குறுவீட்டைப் பாதுகாப்பாகக் கட்ட இன்று அமெரிக்காவில் யாருக்கும் தெரியும். கட்டி முடித்த வீட்டை இறக்கிவைக்கச் சட்டம் ஒப்பும் மனைதான் பெரும்பாலான ஊர்களில் இன்னும் கிடைக்கவில்லை.